இன்ஜின் வேலை முடிந்ததா? சாவியைத் திருப்பும் முன் ஆயிலை ஏற்றுங்கள்

என் மாருதி 800-க்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்களால் சுற்றும் தண்டான கிராங்க்கை இழைத்துச் சரிசெய்வது) செய்ய வேண்டியதாகிவிட்டது. முதல் முறை வண்டிக்கு வயதானதால். இரண்டாவது முறைக்குக் காரணம், வேலை முடிந்த இன்ஜினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்த அந்த ஒரு நிமிடம்.

ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் பூட்டி, ஆயில் ஊற்றி, நேராகச் சாவியைத் திருப்பினார்கள். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் அணையவில்லை. "புது இன்ஜின் சார், இப்ப ஏறிடும்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ரேஸ் கொடுத்தார்கள். நாற்பது விநாடி இருக்கும், லைட் அணைந்தது. அறுநூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இன்ஜினுக்கு அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். திறந்து பார்த்தால் கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் மூன்று பிக் எண்ட் பேரிங்கிலும் மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க்கில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல்.

அந்த ஒரு நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை 14,000 ரூபாய், ஐந்து வாரம். இரண்டாவது முறை ஆயில் ஏற்றும் வேலையை, அதாவது ஸ்டார்ட் செய்யும் முன்பே பேரிங்குகள்வரை ஆயிலைத் தள்ளும் வேலையை, நானே உட்கார்ந்து செய்தேன். அதற்கு ஆன செலவு 1,500 ரூபாய், ஒரு சனிக்கிழமை. உங்களுக்கு அந்த 14,000 மிச்சமாக வேண்டும் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன்.

அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்டுக் கிடந்த பம்பில் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வராது. மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால் வாசர் நனைந்து இறுகி, உடனே இழுக்கும். இன்ஜினின் ஆயில் பம்பும் அப்படித்தான். உள்ளே பற்சக்கரம் போல இரண்டு ரோட்டர்கள் சுற்றுகின்றன. காய்ந்திருந்தால் அவற்றின் இடைவெளியில் காற்றுதான் சுழலும், கீழே சம்பில், அதாவது இன்ஜினின் அடித்தட்டில், இருக்கும் ஆயிலை மேலே இழுக்கும் பலம் வராது. அந்த நேரம் முழுக்க பேரிங்குகள் வெறும் உலோகத்தோடு உலோகமாக உரசிக்கொண்டிருக்கும்.

நான் சொல்வது கார்புரேட்டர் வைத்த பழைய 800-ஐ வைத்து. மூன்று சிலிண்டர், 796 சிசி. உங்களிடம் வேறு வண்டி இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. லேத்திலிருந்து கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கிராங்க், பிளாக் (சிலிண்டர்கள் உள்ள பாகம்), ஹெட் (அவற்றை மூடும் மேல்பகுதி) மூன்றையும் லேத்திலிருந்து எடுக்கும்போது பில் மட்டும் வாங்கி வராதீர்கள். கிராங்க்கை எந்த சைஸுக்கு இழைத்தார்கள் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். 0.25 அண்டர்சைஸ் (0.25 மி.மீ. குறைவு) என்றால் பேரிங் டப்பாவிலும் அதே 0.25 இருக்க வேண்டும். மெயின் (கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் பேரிங்) ஒரு சைஸ், பிக் எண்ட் வேறு சைஸ் என்பதும் நடக்கும். டப்பாவின் அட்டையைக் கிழித்துப் பத்திரமாக வையுங்கள். பேரிங் இடைவெளி அதிகமாக இருந்தால் நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் ஆயில் அழுத்தம் நிற்காது. பிறகு பிரச்சினை பம்பிலா, லேத் வேலையிலா என்று விவாதம் வரும்போது அந்த எழுத்துதான் பேசும்.

இன்னொரு விஷயம். பிளாக்கையே மாற்றிப் பழைய மார்க்கெட்டில் வேறு பிளாக் வாங்கிப் போட்டிருந்தால், ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பர் மாறிவிடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஓட்டினால் எஃப்.சி.யிலும் இன்ஷூரன்ஸ் கிளைமிலும் மாட்டிக்கொள்வீர்கள். சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, வேறெங்கு வாங்கினாலும் சரி, இன்ஜின் நம்பர் எழுதிய பில் இல்லாத பிளாக்கைத் தொடாதீர்கள்.

2. வாங்க வேண்டியவை

எனக்கு ஆன விலையைப் போடுகிறேன். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

- இரண்டு லிட்டர் கை ஸ்பிரேயர், செடிக்கு மருந்து அடிப்போமே, அது: 320 ரூபாய். புதிதாக வாங்குங்கள். மருந்து அடித்த பழையது வேண்டவே வேண்டாம்.
- மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ், குழாயோடு: 850
- ஆயில் ஸ்விட்ச் (டேஷ்போர்டின் சிவப்பு லைட்டை இயக்குவது) இருக்கும் ஓட்டைக்குப் பொருந்தும் பித்தளை நிப்பிள்: 120
- ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப் நான்கு: 150
- பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வாசலின், பெரிய டப்பா: 60

ஆயிலும் ஃபில்டரும் இதில் சேராது. அவை எப்படியும் வாங்க வேண்டியவை. ஆனால் இரண்டு செட் வாங்குங்கள். முதலில் ஊற்றும் ஆயில் அரை மணி நேரம்தான் உள்ளே இருக்கப் போகிறது.

நிப்பிள் வாங்கும்போது நான் இரண்டு முறை அலைந்தேன். சுஸுகி உட்பட பெரும்பாலான ஜப்பானிய இன்ஜின்களில் ஆயில் ஸ்விட்ச் மரை 1/8 பி.எஸ்.பி.டி. என்ற பிரிட்டிஷ் அளவு. இந்த மரையில் ஓர் அங்குலத்துக்கு 28 புரி. ஆன்லைனில் கேஜோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் அமெரிக்க 1/8 என்.பி.டி., அதில் 27 புரி. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். கையால் இரண்டு மூன்று சுற்று ஏறவும் செய்யும், அப்புறம் இறுகும். "சரியாகத்தான் இருக்கிறது" என்று ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். பழைய ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் கேஜ் கடைக்காரர் அந்த ஸ்விட்ச்சைப் பார்த்ததுமே சரியான நிப்பிளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதல் ஆயிலுக்கு 20டபிள்யூ-40 மினரல் போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் இப்போது வேண்டாம். ரிங் செட் ஆகும் முன்பே வடித்துவிடப் போகும் ஆயிலுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதில் அர்த்தமில்லை.

3. பூட்டும்போதே செய்ய வேண்டியது

ஆயில் ஏற்றும் வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. இதை விட்டுவிட்டால் பின்னால் செய்வது எதுவும் முழுதாகப் பலிக்காது.

800-இல் ஆயில் பம்ப் கிராங்க்கின் முன் முனையிலேயே, புல்லி பக்கம் உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் சுற்றினால்தான் அது சுற்றும். சில அமெரிக்க வி8 இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டு, டிரில்லிங் மெஷினால் பம்பை மட்டும் சுற்றுவார்கள். வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நம் வண்டிக்கு அந்த வழி கிடையாது. அதனால் பம்பைப் பூட்டும்போதே அதன் மூடியைத் திறந்து, ரோட்டர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி முழுவதையும் வாசலினால் அடைத்துவிடுங்கள். விரலால் அழுத்தி அழுத்தி நிரப்ப வேண்டும். ஆயில் ஊற்றினால் இரண்டு நாளில் வழிந்து இறங்கிவிடும். வாசலின் அங்கேயே நிற்கும், முதல் சுற்றிலேயே இழுவை கிடைக்கும், ஆயில் சூடானதும் கரைந்து அதோடு கலந்துவிடும்.

வீல் பேரிங் கிரீஸை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். அது கரையாது. கட்டியாகப் போய் ஃபில்டரையோ ஒரு சின்ன ஆயில் துளையையோ அடைக்கும்.

சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லாத பொருள். என் இன்ஜினில் பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருந்தார்கள். தட்டையாகி, கல்லாக இறுகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுந்தால் பம்ப் ஆயிலை விட்டுவிட்டுக் காற்றைத்தான் இழுக்கும். வெளியே ஒரு சொட்டு லீக் கூடத் தெரியாது என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற சாமான். புதியது போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

மெயின் பேரிங்கில், நடுவில் காடியும் ஆயில் துளையும் உள்ள பாதி பிளாக் பக்கம் வர வேண்டும். துளையில்லாத பாதி, கீழே மூடும் கேப் பக்கம். மாற்றிப் போட்டால் அந்த ஜர்னலுக்கு (பேரிங்கில் சுற்றும் கிராங்க் பகுதிக்கு) ஆயில் வழியே மூடிப்போகும். ஹெட் கேஸ்கட்டிலும் மேல் பக்கக் குறி இருக்கும். திருப்பிப் போட்டால் பல இன்ஜின்களில் ஹெட்டுக்குப் போகும் ஆயில் வழி அடைபடும்.

பிளாக்கின் ஆயில் கேலரி (உள்ளே ஆயில் போகும் நீளத் துளை) பிளக்குகளைக் கழற்றி, நீள பிரஷ் விட்டு, மண்ணெண்ணெயால் கழுவி, காற்றடித்த பிறகு பூட்டியிருக்க வேண்டும். ஹோனிங்கில் (சிலிண்டர் சுவரைத் தேய்ப்பதில்) வந்த பொடி கேலரியில் தங்கியிருந்தால், ஆயில் ஏற்றும்போது நீங்களே அந்தப் பொடியைப் பேரிங்குக்குள் தள்ளுவீர்கள். கழுவிய பிறகு அந்தப் பிளக்குகளை மறக்காமல் திரும்பப் போட்டார்களா என்றும் எண்ணிப் பாருங்கள்.

பேரிங், வால்வுகளை இயக்கும் கேம், ராக்கர் முனை எல்லாவற்றிலும் அசெம்பிளி லூப் (பூட்டும்போது தடவும் மசகு) அல்லது கெட்டி ஆயில் தடவ வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

4. ஸ்பிரேயரால் ஆயில் ஏற்றுவது

ஸ்பிரேயரின் முனையை வெட்டிவிட்டு, ஹோஸை மாட்டி கிளிப் போடுங்கள். மறுமுனையில் பித்தளை நிப்பிள். ஸ்பிரேயரில் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இல்லையென்றால் ஆயில் கேனைக் கொதிநீர் உள்ள வாளியில் நிறுத்துங்கள். சூடேறிய ஆயில் தண்ணீர் போல ஓடும். குளிர்ந்த ஆயிலில் முயன்றால் அடித்து அடித்துக் கை வலிக்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள்.

டேஷ்போர்டின் சிவப்பு விளக்கிலிருந்து வரும் ஒற்றை வயர் பிளாக்கில் எங்கே முடிகிறதோ அதுதான் ஆயில் ஸ்விட்ச். அதைக் கழற்றி நிப்பிளைப் பூட்டுங்கள். ஃபில்டரை இதற்கு முன்பே, ஐந்தாவது படியில் சொல்வதுபோலப் பூட்டியிருக்க வேண்டும். முதலில் ஹோஸிலிருந்து காற்று போய் ஆயில் வரும்வரை வெளியே விட்டு, அதற்குப் பிறகு மாட்டினால் இன்னும் நல்லது.

இன்ஜின் இன்னும் ஸ்டாண்டில் இருந்து, சம்ப் பூட்டாமல் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. அடியில் ஒரு தட்டு வைத்து, டார்ச் அடித்து, படுத்துக்கொண்டு பார்த்தேன். பம்ப் அடித்து வால்வைத் திறந்ததும் முதலில் உள்ளே புஸ் என்று காற்று நகரும் சத்தம். அரை நிமிடத்தில் முதல் மெயின் பேரிங்கின் ஓரத்தில் ஒரு பொன்னிறக் கோடு. அடுத்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. பிக் எண்டில் ஒன்றும் மூன்றும் சொட்ட ஆரம்பித்தன. இரண்டாவது மட்டும் காய்ந்தே கிடந்தது. மனசு திக்கென்றது. பிறகு கிராங்க்கைக் கால் சுற்று திருப்பினேன், அதிலும் ஆயில் திரண்டு சொட்டியது. கிராங்க்கின் உள்ளே போகும் துளை மெயின் பேரிங்கின் காடியோடு சேரும் நிலையில்தான் பிக் எண்டுக்கு ஆயில் போகும். இதனால்தான் ஆயில் ஏற்றும்போது கிராங்க்கைக் கையால் சுற்ற வேண்டும் என்கிறார்கள்.

நான்கு மெயின், மூன்று பிக் எண்ட். ஏழும் சொட்டுவதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எவ்வளவு சுற்றினாலும் ஒன்று மட்டும் காய்ந்தே இருந்தால், துளையில்லாத பேரிங் பாதி மேலே போயிருக்கலாம், அல்லது துளை அடைத்திருக்கலாம். சம்ப்பை மூடிய பிறகு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மாறாக ஒன்றில் மட்டும் சொட்டாமல் குழாய் போலக் கொட்டினால், அந்த பேரிங்கில் இடைவெளி அதிகம். பூட்டாமல் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டதென்றால் ஹெட்டின் மேல்மூடியான டாப்பெட் கவரைக் கழற்றி மேலே பாருங்கள். முதலில் சம்பில் இரண்டு லிட்டர் ஊற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றினால் கிராங்க் எளிதாகச் சுற்றும். ஒருவர் ஸ்பிரேயரை அடிக்க, மற்றவர் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். புல்லியை நேராகப் பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும். பின்னால் திருப்பினால் டைமிங் பெல்ட் தளர்ந்து பல் தாண்டும் அபாயம் உண்டு. நான்கு முழுச் சுற்றுக்குள் ராக்கர்களின் அடியில் ஆயில் கசிந்து வருவது தெரிய வேண்டும். ஹெட்டுக்கு ஆயில் கடைசியாகத்தான் வரும், பொறுமையாக இருங்கள்.

கை ஸ்பிரேயரில் சேரும் அழுத்தம் இரண்டு மூன்று பார் (அழுத்தத்தின் அளவு)தான், அது போதும். கம்ப்ரஸரை நேராக ஸ்பிரேயரில் மாட்ட வேண்டாம், பிளாஸ்டிக் தொட்டி வெடிக்கும்.

ஒரு சந்தேகம் வரலாம். இப்படி ஏற்றினால் பம்புக்கும் ஆயில் போய்விடாதா? ஃபில்டருக்குள் ஆயில் பின்னால் திரும்பாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருப்பதால், ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் செலுத்தும் ஆயில் பம்புக்குத் திரும்பிப் போகாது. ஆகவே மூன்றாவது படியில் சொன்ன வாசலினுக்கு மாற்று இல்லை.

5. ஃபில்டரும் ஆயில் அளவும்

ஃபில்டரை நிமிர்த்தி வைத்து மெதுவாக ஆயில் ஊற்றுங்கள். உள்ளிருக்கும் தாள் உறிஞ்சிக்கொள்ளும், மறுபடி ஊற்றுங்கள். முக்கால் நிரம்பினால் போதும். ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் இறுக்கி, முக்கால் சுற்று கூட்டுங்கள்.

இந்த இன்ஜினுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர். ஸ்பிரேயரில் போனதையும் ஃபில்டரில் ஊற்றியதையும் கணக்கில் சேர்க்க மறந்து, முழு மூன்று லிட்டரையும் மறுபடி ஊற்றிவிடுகிறார்கள். கடைசியில் டிப்ஸ்டிக் சொல்வதுதான் கணக்கு. மேல் கோட்டைத் தாண்டினால் வடித்து எடுங்கள்.

6. செல்ஃப் அடித்து ஊசி ஏறுவதைப் பார்ப்பது

இப்போது நிப்பிளில் ஸ்பிரேயருக்குப் பதிலாக பிரஷர் கேஜ் குழாயை மாட்டுங்கள். டேஷ்போர்டு லைட்டை நம்பாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஸ்விட்ச் அரை பாருக்கும் குறைவான அழுத்தத்திலேயே லைட்டை அணைத்துவிடும். "லைட் அணைந்தது" என்றால் ஏதோ கொஞ்சம் ஆயில் வருகிறது என்ற அளவுக்குத்தான் அர்த்தம்.

செல்ஃப் அடிக்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

ஸ்பார்க் பிளக்குகள் மூன்றும் வெளியே இருக்க வேண்டும். கம்ப்ரஷன் இல்லாவிட்டால் பேரிங்குகளில் பாரம் குறைவு, செல்ஃப் மோட்டாரும் வேகமாகச் சுற்றும்.

இக்னிஷன் காயிலுக்கு (பொறிக்கு மின்சாரம் தருவது) சாவியிலிருந்து வரும் வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். நடு கேபிளை மட்டும் உருவித் தொங்கவிட்டால் காயில் எங்காவது பொறி பாய்ச்சும். பிளக் ஓட்டைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் பொறி எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

பெட்ரோல் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு போல்ட்டால் அடைத்து வையுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த) வண்டியாக இருந்தால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்குவதோடு, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் இக்னிஷன் காயில் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். டீசல் வண்டிக்கு எரிபொருள் நிறுத்தும் சோலனாய்டு வயரைக் கழற்ற வேண்டும்.

இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. வேலை முடிந்து பூட்டும்போது அதிகம் மறந்துபோகிற சாமான் இது. பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரண்ட்டும் ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். கேபிள் சிவந்து புகையும்.

பேட்டரியை முந்தைய இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். மெதுவாக முனகிச் சுற்றும் செல்ஃபில் ஆயில் அழுத்தம் ஏறாது.

சரி, இப்போது ஒருவர் கேஜைப் பார்க்க, ஒருவர் சாவி. பத்துப் பதினைந்து விநாடி அடித்து, ஒரு நிமிடம் விடுங்கள். செல்ஃப் மோட்டார் ஆற வேண்டும். எனக்கு முதல் தடவையில் ஊசி சும்மா நடுங்கியது. இரண்டாவது தடவை எட்டாவது விநாடியில் சட்டென்று எழுந்து ஒன்றரை பாரில் நின்றது. பிளக் இல்லாமல் செல்ஃபில் சுற்றும்போது ஒரு பாரைத் தாண்டினாலே நல்ல அறிகுறி. ஊசி எழுந்த பிறகு இன்னும் இரண்டு தடவை அடித்து, அது நிலையாக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

இந்த இடத்தில் கேஜையும் வண்டி நம்பரையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ஒர்க்‌ஷாப் வேலைக்கு வாரண்டி சொல்லியிருந்தால், "நீங்கள் ஆயில் இல்லாமல் ஓட்டிவிட்டீர்கள்" என்ற பேச்சுக்கு இதுதான் பதில்.

7. ஊசி ஏறவில்லை என்றால்

மொத்தம் ஒரு நிமிடம் சுற்றியும் ஊசி அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். "ஸ்டார்ட் பண்ணிட்டா வேகத்துல இழுத்துக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என் இன்ஜினுக்கு அதைத்தான் செய்தார்கள்.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். டிப்ஸ்டிக் அளவு. கேஜ் குழாயில் மடிப்பு. அப்புறம் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அடியில் துணி வைத்து, ஐந்து விநாடி மட்டும் செல்ஃப் அடியுங்கள். பம்ப் வேலை செய்தால் ஃபில்டர் உட்காரும் இடத்திலிருந்து ஆயில் பொங்கி வரும். வந்தால் பம்ப் சரி, கோளாறு ஃபில்டரிலோ அதற்குப் பின்னாலோ. வராவிட்டால், அந்த வழியாகவே ஒரு சிரிஞ்சால் பம்பின் பக்கம் ஆயிலைச் செலுத்தி மறுபடி முயலுங்கள். அப்போதும் இல்லையென்றால் சம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஸ்ட்ரெய்னர் வளையம், பம்ப் ரோட்டர், திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வு (அதிக அழுத்தத்தை வெளியேற்றுவது), மறந்துபோன கேலரி பிளக், இந்த வரிசையில் பாருங்கள். சம்ப் கேஸ்கட் போகும், அரை நாள் போகும். கிராங்க் பிழைக்கும்.

8. முதல் ஸ்டார்ட்

ஆயில் ஏற்றிய அன்றே, முடியாவிட்டால் மறுநாளே ஸ்டார்ட் செய்துவிடுங்கள். பெயின்ட் வேலை, டிங்கரிங் என்று வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் ஆறாவது படியை மறுபடி செய்ய வேண்டும்.

ஸ்பார்க் டைமிங், பெட்ரோல், கூலன்ட் எல்லாம் சரியாக இருந்து உடனே பிடிக்கும் நிலையில்தான் முதல் சாவி. பிடிக்காமல் நிமிடக்கணக்கில் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். கேஜ் மாட்டியபடியே இருக்கட்டும். இன்ஜின் பிடித்த ஐந்து விநாடிக்குள் ஊசி எழ வேண்டும். எழாவிட்டால் யோசிக்காமல் சாவியை மூடுங்கள்.

எழுந்தால், ஐடிலில் விடாமல் 1,500-க்கும் 2,000 ஆர்.பி.எம்.முக்கும் இடையில் கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்திருங்கள். புது கேம் போட்டிருந்தால் இருபது நிமிடம். கேமுக்கும் ராக்கருக்கும் ஆயில் தாராளமாகப் போவது இந்த வேகத்தில்தான். இன்ஜின் சூடானதும் அழுத்தம் இறங்கும், பயப்பட வேண்டாம். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 0.7 பார் என்ற பொதுக் கணக்கு மெக்கானிக்குகளிடம் உண்டு. 2,000-இல் சூடான இன்ஜினில் 1.4-க்கு மேல் இருந்தால் நிம்மதி. உங்கள் வண்டியின் மேனுவலில் எழுதிய அளவு கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள்.

எல்லாம் முடிந்து ஆயில் ஸ்விட்ச்சைத் திரும்பப் பூட்டும்போது டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றாதீர்கள். அந்த ஸ்விட்ச்சுக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். டேப் அதிகமானால் லைட் எரியவே எரியாது, ஆயில் தீர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பிய்ந்த டேப் உள்ளே போய் ஆயில் வழியையும் அடைக்கும். பூட்டியதும் சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாத நிலையில் லைட் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

9. முதல் 500 கிலோமீட்டர்

அரை மணி நேரம் ஓடிய இன்ஜினின் ஆயிலைச் சூட்டோடு வடித்து, ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து, தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மாவு போல மெல்லிய மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும். விரலில் எடுக்கும் அளவுக்குச் செதில்கள், குறிப்பாகச் செம்பு நிறத்தில், இருந்தால் வண்டியை எடுக்காமல் ஒர்க்‌ஷாப்புக்குத் தகவல் சொல்லுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஆயில் மாற்றம் 500 கிலோமீட்டரில். அதுவரை ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 500-இல் டாப்பெட் கிளியரன்ஸ் பார்க்கக் கவரைத் திறப்பார்கள். அப்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். பம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் கடைசி ராக்கரிலும் ஆயில் பளபளக்க வேண்டும். அது மட்டும் காய்ந்து, நீலம் பாய்ந்தது போல இருந்தால் ஹெட்டுக்குப் போகும் வழியில் அடைப்பு இருக்கிறது. கவரை மூட விடாதீர்கள். ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி, அதன் துளைகளில் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே பூட்டச் சொல்லுங்கள்.